மேடைக்கு அப்பாவும் வர வேண்டுமாம்

கேள்வி: சார், நாங்கள் திண்டுக்கல் பக்கம். என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. நாலு வருஷமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறாள். டிவி பாட்டுப் போட்டிக்காக மதுரையில் நடந்த முதல் சுற்றில் தேர்வாகிவிட்டாள். அடுத்தது சென்னையில். போன வாரம் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். பாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசியிருப்பார், அப்புறம் அரை மணி நேரம் வீட்டு நிலைமையைத்தான் விசாரித்தார். என் கணவருக்கு ஸ்பின்னிங் மில்லில் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. இப்போது வீட்டு வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அதைச் சொன்னதும், "அப்பாவையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்கம்மா, ரொம்ப நல்லா இருக்கும்" என்றார். கணவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டு டீச்சர், குரல் கெட்டுவிடும், வேண்டாம் என்கிறார். மாமியார், எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து நடத்துகிற நாடகம் என்கிறார். மகளோ தூக்கத்திலும் பாடுகிறாள். அனுப்பலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 14 வருஷம் ரியாலிட்டி ஷோக்களுக்கு எடிட்டிங் செய்தவன். பாட்டு, நடனம், சமையல், சண்டை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டியிருக்கிறேன். நான் மனநல மருத்துவன் இல்லை, பாட்டு வாத்தியாரும் இல்லை. உங்கள் வீட்டு டிவிக்கு என்ன வந்து சேர்கிறது, எது குப்பைக்குப் போகிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அளவில் என் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் சொல்வது பாதி சரி. நான் வேலை பார்த்த இடங்களில் யார் ஜெயிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் நிஜமாகவே பாடுகிறார்கள், நிஜமாகவே பிசகுகிறார்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் டேபிளில் முடிவாகும். ஒரு பிள்ளைக்கு ஏழு நிமிஷம் கிடைக்கும், இன்னொன்றுக்கு மூன்று. ஒன்றுக்குப் பாட்டுக்கு முன்னால் ஓட்டு வீடு, அம்மாவின் கண்ணீர், பழைய போட்டோ எல்லாம் வைத்து ஒரு குட்டிப் படம் ஓடும். நாங்கள் அதை ‘விடி’ என்போம். இன்னொன்று நேராக வந்து பாடிவிட்டுப் போகும். போனை எடுத்து ஓட்டுப் போடுகிறவர் பாட்டுக்குப் போடுவதாகத்தான் நினைக்கிறார். அவர் கையைப் பிடித்து இழுத்தது அந்த விடி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு நடுவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைக்கும் ஷாட் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. உண்மையில் அன்றைக்கு அவருக்குக் கான்டாக்ட் லென்ஸ் உறுத்திக்கொண்டிருந்தது. அன்று பாடிய மூன்று பிள்ளைகளின் பாட்டுக்கு நடுவிலும் அதே ஷாட்டை வைத்தேன். ஒரு ஓரத்தில் லேசாக வயலின். மூன்று பேரும் நடுவரை அழவைத்தவர்கள் ஆனார்கள். மறுநாள் ஷூட் செய்த நாலாவது பிள்ளைக்கும் வைக்கப் போனேன். பக்கத்தில் இருந்த உதவியாளர் தம்பி, "அண்ணே, சேலை மாறிடுச்சுண்ணே" என்று காப்பாற்றினான். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு ஒரு சாதாரண வேலை நாள், அவ்வளவுதான்.

பிக் பாஸ் மாதிரி நிகழ்ச்சிகளில் இந்த வேலை இன்னும் பெரிது. நெதர்லாந்தில் 1999ல் ‘பிக் பிரதர்’ என்று தொடங்கிய சரக்கு அது. தமிழில் 2017 ஜூனில் விஜய் டிவிக்குக் கமல் ஹாசனோடு வந்தது. வீட்டுக்குள் 24 மணி நேரமும் கேமரா ஓடுகிறது, நாம் பார்ப்பது சுமார் ஒரு மணி நேரம். மிச்ச 23 மணி நேரத்தை எடுத்து எறிகிறவன்தான் அங்கே கதாசிரியன். ஒருவர் காலையில் திட்டியதையும் சாயங்காலம் முறைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வில்லன் தயார். நடுவில் மத்தியானம் அவர் சிரித்துப் பேசியது யாருக்கும் தெரியாது. 2022 ஜனவரியில் ‘பிக் பாஸ் அல்டிமேட்’ ஹாட்ஸ்டாரில் நாள் முழுக்க நேரலையாக ஓடியபோது, ரசிகர்கள் நேரலையையும் வெட்டி ஒட்டிய எபிசோடையும் ஒப்பிட்டு, "இதைக் காட்டினீங்க, அதை ஏன் காட்டலை" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் தொழிலில் பலருக்கு அப்போதுதான் வியர்த்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அப்படியானால் அனுப்பாதீர்கள் என்பேன் என்று நினைப்பீர்கள். அப்படி என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இந்த நிகழ்ச்சிகள் திறந்த கதவுகளையும் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2006ல் ‘சூப்பர் சிங்கர்’ வருவதற்கு முன்னால், திண்டுக்கல் பக்கத்து மில் தொழிலாளியின் மகள் பாடகி ஆக என்ன வழி இருந்தது? சென்னையில் ஒரு சொந்தக்காரர் வேண்டும், சபாவில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும், அல்லது கோயில் திருவிழாக் கச்சேரியில் கோரஸ் பாடிக்கொண்டே காத்திருக்க வேண்டும். 2018ல் செந்தில் கணேஷ் பட்டம் வென்றபோது அவரும் மனைவி ராஜலட்சுமியும் வாராவாரம் பாடியது நாட்டுப்புறப் பாட்டு. திருவிழா மேடையிலும் வயல்காட்டிலும் கேட்ட பாட்டை, நகரத்து வரவேற்பறையில் சோபாவில் உட்கார்ந்து குடும்பத்தோடு கேட்டார்கள். எந்த ரெக்கார்டிங் கம்பெனி அதற்கு முன்னால் அதைச் செய்தது? சிவகார்த்திகேயன் ‘கலக்கப் போவது யாரு’ மேடையிலிருந்து வந்தவர் என்பது உங்கள் மகளுக்கே தெரிந்திருக்கும்.

கேட்கிறவர்களுக்கும் லாபம் உண்டு. பாடுவதற்குப் பின்னால் குரல் பயிற்சி என்று ஒரு தனி வேலை இருக்கிறது என்பதே ‘சூப்பர் சிங்கர்’ குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதனைத் திரையில் பார்த்துத்தான் பல வீடுகளுக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் ஒருநாள் ஒரு லாரி டிரைவர், "பல்லவி ஓகே, சரணத்துல அந்தச் சங்கதி சரியா விழல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

சரி, இப்போது அந்த அரை மணி நேரப் போன்.

அந்தப் பெண் மேல் கோபப்படாதீர்கள். க்ரியேட்டிவ் டீமில் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பார். நூறு பிள்ளைகளின் பட்டியல் கையில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘கதை’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பட்டியலில் ஒரு பையன் பெயருக்கு எதிரே ‘அப்பா ஆட்டோ, அம்மா சுகர், வீடு ஒழுகும்’ என்று இருந்தது. அதே பட்டியலில் அவனைவிட அழகாகப் பாடிய ஒரு பெண்ணுக்கு எதிரே வெறும் கோடு. அப்பாவும் அம்மாவும் பேங்க் வேலை, சொந்த வீடு, ஒரு குறையும் இல்லை. கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "இந்தப் பாப்பாவுக்குக் கதையே இல்லையே?" அந்தக் குழந்தை மூன்றாவது வாரமே வெளியே போய்விட்டது. பாட்டில்தான் தோற்றாளா, கோட்டில் தோற்றாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

உங்கள் கணவரின் மூன்று விரல்கள் இப்போது அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். மேடையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மகள் பாடி முடிப்பாள். தொகுப்பாளர், "உன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்மா" என்பார். அவள் சொல்லத் தொடங்குவாள், பாதியில் தொண்டை அடைக்கும். அப்பாவை மேடைக்கு அழைப்பார்கள். கேமரா முகத்தைப் பார்க்காது, நேரே கைக்குப் போகும். அவர் கையைப் பின்னால் மறைத்தால் அதுவும் நல்ல ஷாட், இன்னும் நல்ல ஷாட். அதை மெதுவாக ஓட்டுவோம். அன்றைக்கு ராத்திரியே முப்பது செகண்ட் ப்ரோமோவாக அது எல்லார் போனுக்கும் வரும். மில் ஆட்களுக்கும் வரும், மகளின் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வரும். அப்புறம் பெட்டிக்கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள்.

இதில் பணமோ உதவியோ கிடைக்காதா என்றால், கிடைக்கலாம். யாராவது பார்த்து உதவிய வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்கு அதை விற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர் ஒருவர்தான். நீங்களும் இல்லை, மகளும் இல்லை. அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள், மகள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அவள் முன்னால் கேட்டால் எந்த அப்பாவும் சரி என்றுதான் சொல்வார்.

வீட்டுத் துயரம் திரைக்குப் போனால் அது நம்முடையதாகவே திரும்பி வராது. ஜீ தமிழில் 2011லிருந்து வந்த ‘சொல்வதெல்லாம் உண்மை’ ஞாபகம் இருக்கும். குடும்ப வழக்குகளைக் கேமரா முன்னால் விசாரித்த நிகழ்ச்சி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018ல் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அதில் தொகுப்பாளர் சொன்ன "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" என்ற ஒரு வரி மீமாகி, மிமிக்ரியாகி, சினிமாப் பாட்டு வரைக்கும் போனது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அங்கே எதிரே உட்கார்ந்து அழுதவர்களில் ஒருத்தியின் முகமாவது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஆகவே போனில் இப்படிச் சொல்லுங்கள்: "மகள் பாடுவாள். அவள் எப்படிப் பாட்டு கற்றுக்கொண்டாள், எந்தப் பாட்டு பிடிக்கும், டீச்சர் யார், எல்லாம் சொல்கிறோம். அவள் அப்பாவின் விபத்தைப் பற்றி நிகழ்ச்சியில் பேச மாட்டோம், நீங்களும் கேட்கக் கூடாது." குரலை உயர்த்த வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். அவர்கள் மறுபடி கேட்பார்கள், வேறு ஆள் கேட்பார், ஃப்ளோரில் மைக் மாட்டும்போதும் கேட்பார்கள். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வரும். எடுக்கலாம். கதை இல்லாவிட்டால் வேண்டாம் என்கிற இடத்தில் உங்கள் மகளின் பாட்டுக்கு வேலை இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும், ரயில் டிக்கெட் காசு மிச்சம். நல்ல குரலுக்கு எப்போதும் பஞ்சம் இருப்பதால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள் என்பது என் அனுபவம்.

உங்கள் கையில் சட்டமும் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் டிவி நிகழ்ச்சிகளில் பங்கெடுப்பதற்கு, குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017ல் தெளிவான நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வு இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. பிள்ளைக்கு வருமானம் இருந்தால் அதில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் இருக்க வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் எதிலும் பங்கெடுக்க வைக்கக் கூடாது. "கலெக்டர் அனுமதி வாங்கிட்டீங்களா, காப்பி காட்டுங்க" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பெற்றோரை 14 வருஷத்தில் நான் இரண்டு பேரைத்தான் பார்த்தேன். அந்த இரண்டு பிள்ளைகளும் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அறைக்குப் போய்த் தூங்கினார்கள். மற்றப் பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா மடியில் சாய்ந்தபடி மேக்கப்போடு காத்திருந்தார்கள்.

கையெழுத்துப் போடச் சொல்லும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அங்கேயே, அப்போதே போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்து வந்து, தெரிந்த வக்கீலிடமோ பள்ளி ஆசிரியரிடமோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவளுடைய குரலும் முகமும் உலகம் முழுக்க, எக்காலத்துக்கும் அவர்களுக்கே என்று ஒரு வரி இருக்கும், அதை மாற்ற முடியாது. வேறு சேனலிலோ மேடையிலோ பாடக் கூடாது என்ற வரி எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் நிகழ்ச்சியில் பாடிய ஒரு பையன் மூன்று வருஷம் கழித்து எடிட்டிங் ஸ்டுடியோவுக்கு வந்தான். மீசை அரும்பியிருந்தது. கல்லூரியில் காட்டவேண்டும், நான் பாடின பாட்டு ஒரு காப்பி வேண்டும் அண்ணா என்றான். என்னால் கொடுக்க முடியவில்லை, கொடுத்தால் என் வேலை போயிருக்கும். அவன் பாடிய பாட்டு எல்லார் போனிலும் இருந்தது. அவன் கையில் மட்டும் இல்லை.

பரிசைப் பற்றி ஒரு வார்த்தை. வீடு, தங்கம் என்று அறிவிப்பார்கள். டிவி போட்டிப் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம், மேல்வரி தனி. 50 லட்சம் ரூபாய் வீடு என்றால் சாவி வாங்குவதற்கு முன்னால் 15 லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டிவரும். இது ஜெயித்தால் வருகிற கவலை, இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

டீச்சர் சொல்வதை நான் லேசாக எடுக்க மாட்டேன். 11 வயதுக் குரலுக்கு ஒரு அளவு இருக்கிறது. கைதட்டல் வாங்குவதற்காக உச்ச ஸ்தாயிப் பாட்டுகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுவார்கள். ரிகர்சலில் நாலு தடவை, மேடையில் கேமராவுக்காக இரண்டு தடவை என்று அதையே கத்த வேண்டியிருக்கும். டீச்சரிடமே போய், எந்த ஸ்ருதிக்கு மேல் போகக் கூடாது, எந்த மாதிரிப் பாட்டு வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற குரல் பயிற்சியாளர் நல்லவராக இருந்தால் அந்தக் காகிதத்தை மதிப்பார். டீச்சருக்கும் தன்னைத் தள்ளிவைக்கவில்லை என்று இருக்கும். அவர் கோபத்தில் பாதி அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

என்னைக் கேட்டால், அப்பாவின் விபத்தைப் பேச மாட்டோம் என்ற அந்த நிபந்தனையோடு அனுப்புங்கள். ஆனால் போவதற்கு முன்னால் மகளிடம் தோற்பதைப் பற்றி ஒருநாள் பேசிவிடுங்கள். அதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு எலிமினேஷன் நாள். பெயரைச் சொன்னார்கள், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தேம்பித் தேம்பி அழுதான். எல்லாரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அப்போது கேமராமேன் கையைத் தூக்கினார், ஃபோகஸ் போய்விட்டதாம். "ஒன் மோர்." எல்லாரும் பழைய இடத்துக்குப் போனார்கள். தொகுப்பாளர் அதே பெயரை, அதே இடைவெளி விட்டு மறுபடி சொன்னார். பையனுக்கு இப்போது அழுகை வரவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "அண்ணா, இப்ப அழணுமா?" என்று கேட்டான். நாங்கள் டேபிளில் முதல் டேக்கையே ஃபோகஸ் இல்லாமல் வைத்தோம். இரண்டாவது டேக் ஹார்டு டிஸ்க்கில் எங்கேயோ கிடக்கிறது. நான் அந்த வேலையை விட்டதற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் கொஞ்சம் அலங்காரமாக இருக்கும். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் இருந்தேன். வீட்டுக் கடன் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், தோற்றால் என்ன செய்யலாம் என்பதை இப்போதே அவளோடு முடிவு செய்து வையுங்கள். எலிமினேஷன் ஆன நாளில் நேராக ரயில் ஏறுவதா, மெரினாவில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஏறுவதா, எதுவாக இருந்தாலும் சரி. மேடையிலிருந்து இறங்கினால் போக ஒரு இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். அவளே நடுவில் வேண்டாம் என்றால் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

உங்கள் கணவர் சென்னைக்கு வர ஆசைப்பட்டால் வரட்டும். மேடைக்கு வேண்டாம் என்றால் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்காரட்டும், அங்கே லைட் விழாது.

அப்புறம், ஒரு ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் மறக்காமல் எடுத்துப் போங்கள். லைட் சூட்டுக்காக ஃப்ளோரில் ஏசியைப் பதினெட்டில் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் பாட்டுக்கு முன்னாலேயே நடுங்கிப்போகிறார்கள்.